மேற்கெல்லை காடி: தனியார் படகுத்துறைகளும் கழிமுகச் சதுப்புகளும்

நவி மும்பையின் நெரூலில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் தூத்துக்குடிக்காரர் ஒருவர், ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ராய்கட் மாவட்டத்தில், கடல்நீர் உள்ளே ஏறி இறங்கும் தரம்தர் கழியை ஒட்டி, வேளாண்மைப் பயன்பாட்டிலிருந்து மாற்றப்பட்ட மனை ஒன்றை வாங்கினார். மராத்தியில் எழுதப்பட்ட கிரயப் பத்திரத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். நான்கெல்லை சொல்லும் பத்தியில் வடக்கும் தெற்கும் சர்வே எண்களாகவும் கிழக்கு பாதையாகவும் இருக்க, மேற்கில் ஒரே ஒரு சொல் இருந்தது: காடி. கழியை மராத்தியர் அப்படித்தான் சொல்வர். “தம்பி, மேற்க காடி வரைக்கும் நம்மதுன்னு போட்டிருக்கு. அப்ப நாலு தூணை நட்டு சின்னதா ஒரு ஜெட்டி போட்டுக்கிட்டா யாரு கேக்கப் போறா?” என்றார். (மும்பைத் தமிழர்கள் படகுத்துறையைக் கூச்சமின்றி ஜெட்டி என்றே சொல்வோம், ஊரிலிருந்து வரும் உறவினர்கள்தாம் சிரிப்பை அடக்கத் திண்டாடுவர்.)

“கேக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க அண்ணாச்சி” என்று அப்போதைக்குச் சொல்லி அனுப்பினேன். யார் கேட்பார்கள், எதைக் கேட்பார்கள், எதைக் கேட்காமலே விட்டுவிடுவார்கள் என்பதைச் சற்று விரிவாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை. என் கணிப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கரையோர அனுமதி முறை நிலத்தை நுணுக்கமாக வகை பிரிக்கிறது. ஆனால் நீர் வந்து போகும் வழியை அது வகை பிரிப்பதில்லை. சிறிய துறைகள் சதுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியின் வழியாகத்தான்.

முதலில் உடைமை. பத்திரத்தில் “மேற்கே காடி” என்று இருப்பதால் காடியும் நம்முடையது என்றாகிவிடாது. மகாராஷ்டிர நில வருவாய்ச் சட்டம் 1966, அதன் 20ஆம் பிரிவில், உயர் அலைக்கோட்டுக்கு (ஏற்றத்தில் நீர் எட்டும் மேல்வரம்புக்கு) கீழே உள்ள கடல், துறைமுகம், கழி ஆகியவற்றின் படுகை அரசுக்குச் சொந்தம் என்கிறது. ஊர்ப்பக்கத்தில் நாம் கழிவெளிப் புறம்போக்கு என்று சொல்வோமே, அதுவேதான் இது. ஆகவே கரையில் நிற்கும் தூண் தனியாருடையதாக இருக்கலாம். அதற்கடுத்துச் சேற்றில் ஊன்றும் தூண் அரசு நிலத்தில் நிற்கிறது, அதற்கு உரிமம் வேண்டும், உரிமம் என்பது திரும்பப் பெறக்கூடியது. சிறு துறைமுகங்களையும் கழிகளையும் 1996 முதல் கவனித்துவரும் மகாராஷ்டிர கடல்சார் வாரியமே இந்த விஷயத்தில் முதல் வாசல்.

இந்த உடைமை அரசுக்கு உரிமை மட்டுமன்று, பொறுப்பும்கூட என்று உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் சொல்லிவிட்டது. இமாசலத்தில் பியாஸ் ஆற்றங்கரை விடுதி ஒன்று ஆற்றின் போக்கையே திருப்ப முயன்றதால் எழுந்த அவ்வழக்கில், 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஆறு, கடற்கரை, நீர்நிலை போன்றவற்றை அரசு பொதுமக்கள் சார்பில் அறங்காவலர்போல வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அறங்காவலர் கோயில் நிலத்தைத் தம் உறவினருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்பதுபோலவே, கழியின் படுகையையும் விரும்பியவருக்கெல்லாம் எழுதிக்கொடுக்க முடியாது.

அடுத்தது கரையோர ஒழுங்குமுறை மண்டலம், சுருக்கமாக சி.ஆர்.இசட். கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்களைத் தவிர்க்கச் சொல்லி 1981இல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதிய கடிதமே இதன் வித்து என்பர். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதல் அறிவிக்கை 1991 பிப்ரவரியில் வந்தது. அதை மாற்றி 2011இல் ஒன்றும், அதையும் மாற்றி 2019 ஜனவரியில் இன்னொன்றும் வந்தன. இப்போதைய அறிவிக்கையில் அலையாத்திக் காடு, உயிர்ப்புள்ள சேற்றுவெளி, உவர்ச்சதுப்பு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் இடம் போன்றவை ஒன்று-அ. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட மற்ற பகுதி ஒன்று-ஆ. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரக் கரை இரண்டு. ஊர்ப்புறக் கரை மூன்று. கடல்நீரும் அலை ஏறும் கழிநீரும் நான்கு.

படகுத்துறை என்பது இந்த வகைகளில் ஒன்றுக்குள் அடங்குவதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அதன் கால் ஒன்று கரையில், இடுப்பு சேற்றில், தலை தண்ணீரில். நீர்முனை இல்லாமல் நடத்தவே முடியாத செயல்களுக்கு, அதாவது துறைமுகம், இறங்குதுறை, அலைத்தடுப்பு போன்றவற்றுக்கு, ஏற்றவற்றப் பகுதியில் அனுமதி வழங்க 2019 அறிவிக்கை இடம் தருகிறது. கட்டுவது அரசா தனியாரா என்பதைவிட நீர்முனை தேவையா என்பதே அங்கே அளவுகோல். வீட்டுக்கு நீர்முனை தேவையில்லை. வீட்டுக்காரரின் படகுக்குத் தேவை. இந்த வேறுபாட்டைக் கொண்டு ஒரு வழக்கறிஞர் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் வாதிடலாம். ஒன்று-அ பகுதியில் மட்டும் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது: 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திப் பரப்பென்றால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளியும் அதே வகையில் சேரும், அந்த இடைவெளியில் பொதுப் பயன்பாட்டுக்கான குழாய், மின்தடம், தூண்கள்மேல் செல்லும் சாலை போன்றவையே வரலாம்.

ஆக, ஒரு துறையின் தலைவிதி பெரும்பாலும் வரைபடத்தில் கோடு எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது. உயர் அலைக்கோட்டை வரையும் பொறுப்பு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தேசிய நிலைபேறு கடற்கரை மேலாண்மை மையத்தினுடையது. மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டங்கள் 1:25,000 அளவில் தயாராகின்றன. அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். 50 மீட்டர் இடைவெளி முழுவதும் வெறும் இரண்டு மில்லிமீட்டர், பால்பாயிண்ட் பேனாவின் சில கோடுகளின் தடிமன். அதனால்தான் தனித்தனித் திட்டங்களுக்கு 1:4,000 அளவில், சர்வே எண்களோடு கூடிய வரைபடம் கேட்கப்படுகிறது. அதில் அதே இடைவெளி 12.5 மில்லிமீட்டராக விரிகிறது. ஒரு மனையின் மூலை அலையாத்தியைக் குறிக்கும் பச்சைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை அந்தத் தாளில்தான் பார்க்க முடியும். மும்பை நகர், புறநகர் மாவட்டங்களுக்கு 2019 அறிவிக்கையின்படியான திட்டத்துக்கு மத்திய அமைச்சகத்தின் ஒப்புதல் 2021 செப்டம்பரில்தான் கிடைத்தது. அதுவரை அங்கே பழைய 2011 விதிகளே நடப்பில் இருந்தன.

அலையாத்தி என்று வந்துவிட்டால் மகாராஷ்டிரத்தில் அறிவிக்கையைவிடக் கண்டிப்பான ஒன்று இருக்கிறது. 2005 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணையாகத் தொடங்கி, 2018 செப்டம்பர் 17 அன்று இறுதித் தீர்ப்பாக முடித்துவைத்த வழக்கு அது. மாநிலம் முழுவதும் அலையாத்தியை வெட்டுவதும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டுவதும் கூடாது. நிலம் யாருடையது என்பது பொருட்டன்று. பொதுநலனுக்கு இன்றியமையாதது என்று நிறுவப்பட்டால் மட்டுமே விலக்கு. அப்படிப்பட்ட திட்டங்களும் உயர் நீதிமன்றத்தின் முன்அனுமதியோடுதான் நகர்கின்றன. மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்காக ஏறத்தாழ 22,000 அலையாத்தி மரங்களை அகற்ற 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது அவ்வழியில்தான். வேடிக்கை என்னவென்றால், தீர்ப்புக்கு நான்கு மாதம் கழித்து வந்த 2019 அறிவிக்கை, தனியார் நிலத்தில் உள்ள அலையாத்திக்குச் சுற்று இடைவெளி தேவையில்லை என்று தளர்த்தியது. தீர்ப்போ உடைமையைப் பார்க்கவில்லை. ஒரே மரத்துக்கு இரண்டு அளவுகோல். மனை விற்பவர் ஒன்றைக் காட்டுவார், வாங்கியபின் வருகிற அதிகாரி மற்றதைக் காட்டுவார்.

இந்தத் தீர்ப்பின் பக்கவிளைவு ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. அலையாத்தி உள்ள கரையில் தனியார் துறை என்ற பெயரோடு ஒரு விண்ணப்பம் உள்ளே நுழையவே முடியாது. ஆகவே நுழைய விரும்பும் எதுவும் பொதுத்துறையாகத் தன்னைச் சொல்லிக்கொண்டாக வேண்டும். பயணிகள் முனையம், சுற்றுலா மேம்பாடு, நெரிசல் குறைப்பு என்று பெயர்கள் வரிசையாக வரும். அவற்றில் உண்மையானவையும் உண்டு, தனியார் வசதிக்குப் பொதுப் போர்வை போர்த்தியவையும் உண்டு. தகராறு கட்டுமானத்தின் நீள அகலத்திலிருந்து நகர்ந்து “பொது” என்ற சொல்லின் பொருளுக்குள் போய்விடுகிறது.

அலையாத்தி இல்லாத கரையிலும் இதே தகராறு எழும் என்பதற்குக் கொலாபாவே சாட்சி. இந்திய நுழைவாயிலுக்குப் பக்கத்தில், ரேடியோ கிளப் அருகே, ஏறத்தாழ ரூ.229 கோடியில் கடல்சார் வாரியம் கட்ட முனைந்த பயணிகள் படகுத்துறையை அப்பகுதிவாசிகள் எதிர்த்தனர். வாகன நெரிசல், பாரம்பரியக் கட்டடங்களின் சூழல் ஆகியவற்றோடு, இது எளிய பயணிக்கா, உல்லாசப் படகுக்காரருக்கா என்ற கேள்வியும் எதிர்ப்பில் இருந்தது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் திட்டத்தை அனுமதித்தது. ஆனால் அங்கே அமையும் திறந்தவெளி அரங்கு படகுக்குக் காத்திருப்போர் அமர்வதற்கு மட்டுமே, உணவிடத்தில் குடிநீரும் பொதியுணவும் மட்டுமே என்பன போன்ற நிபந்தனைகளை வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அந்த நிபந்தனைகளைக் கூர்ந்து படித்தால், நீதிமன்றம் துறையை மறுக்காமல், துறை என்ற பெயரில் துறையல்லாதவை முளைப்பதை மறுத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

வேறு நாட்டில் எப்படி என்று பார்ப்பதும் இங்கே பயன்தரும், ஏனெனில் தனியார் துறை என்பது அமெரிக்கக் கிழக்குக் கரையில் விதிவிலக்கன்று, வழக்கம். நீரை ஒட்டிய நிலத்தின் உரிமையாளருக்குப் படகு ஓடும் ஆழம் வரை துறை நீட்டிக்கொள்ளும் உரிமை உண்டு என்ற எண்ணம் அங்கே பழையது. மாசசூசெட்ஸில் 1640களின் காலனிய ஆணை ஒன்றால், வற்றக் கோடு வரை சேற்றுவெளிகூடத் தனியார் உடைமையாக இருக்க முடியும். மீன்பிடிக்கவும் பறவை வேட்டைக்கும் படகோட்டவும் மட்டும் பொதுமக்களுக்கு உரிமை மிஞ்சும். நமது 20ஆம் பிரிவுக்கு நேர் எதிரான தொடக்கம் இது. ஜார்ஜியா மாநிலம் 1970இல் சதுப்புப் பாதுகாப்புக்கென்றே தனிச்சட்டம் போட்டது. அதிலும் நீரோட்டத்தைத் தடுக்காமல் தூண்கள்மேல், சதுப்புப் புல்லுக்கு மேலாக எழுப்பப்படும் தனிவீட்டுத் துறைகளுக்கு அச்சட்டத்தின் அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. சதுப்பு அரசினுடையது என்பதால் திரும்பப் பெறக்கூடிய உரிமம் மட்டும் போதும்.

உடைமை தனியாருடையது என்பதால், அங்கே முடிவு சிறிய ஊர்களின் நிலப்பயன்பாட்டுக் குழுக்களிடமும் இயற்கைப் பாதுகாப்புக் குழுக்களிடமும் வந்து சேர்கிறது. கூட்டாட்சி அரசின் 1899ஆம் ஆண்டுச் சட்டம் படகுப் போக்குவரத்துக்கு இடையூறு உண்டா என்று பார்க்கும். மாநிலம் பொது உரிமையைப் பார்க்கும். ஆனால் துறையின் நீளம் எவ்வளவு, முனையில் வற்றத்தின்போது எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும், இரவில் விளக்கு எரியலாமா, எந்தக் கழியில் இனித் துறையே கூடாது என்பன போன்றவற்றை ஊர்க்குழு மாலைநேரக் கூட்டத்தில், அண்டை வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. நடைபாதையின் உயரம் குறைந்தபட்சம் அதன் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற நடைமுறை அளவு நியூ இங்கிலாந்துப் பகுதியில் பரவலாக உள்ளது. அகலப் பலகை தாழ்வாகக் கிடந்தால் அடியில் உள்ள சதுப்புப் புல்லுக்கு வெயில் கிடைக்காது. உயர்த்தினால் நிழல் நாள் முழுக்க இடம் மாறிக்கொண்டே இருக்கும், புல் பிழைத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த விதி இது. சட்டம் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

அந்த முறைக்கும் ஊனம் உண்டு. ஒவ்வொரு துறையும் தனித்தனியே சிறியது. தனித்தனியே பார்த்தால் எதையும் மறுக்கக் காரணம் கிடைக்காது. கடைசியில் கழி முழுவதும் சீப்புப் பற்களைப்போலத் துறைகளாக நிற்கும். நாற்பதாவது விண்ணப்பக்காரரை மறுத்தால், முப்பத்தொன்பது பேருக்குக் கொடுத்தீர்களே என்பார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

மும்பைக் கரையில் துறை என்ற பொருளே வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டுவதுண்டு. கழிக்கரையின் சரிவோ மிக மென்மையானது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொண்டால், நான்கு மீட்டர் நீர் இறங்கும்போது 400 மீட்டர் அகலச் சேறு வெளியே தெரியும். எந்நேரமும் படகு கட்ட வேண்டுமென்றால் துறை அந்தச் சேற்றைக் கடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சேற்றைத் தோண்டி வாய்க்கால் போட வேண்டும். தோண்டிய வாய்க்காலை அடுத்த மழைக்காலத்து வண்டல் மூடும், மறுபடி தோண்ட வேண்டும். நாலு தூண் என்று தொடங்கும் பேச்சு முடியும் இடம் இதுதான். இதனாலேயே இக்கரையில் பல துறைகள் ஏற்றத்தின்போது மட்டும் உயிர் பெறுகின்றன, மற்ற நேரம் சேற்றில் கிடக்கும் படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

ஆனாலும் சதுப்புக்குப் பெரிய கேடு துறையின் முனையில் நடப்பதில்லை, துறைக்குப் போகும் வழியில் நடக்கிறது. தூண்மேல் நிற்கும் மேடைக்கு அடியில் அலைநீர் போய்வரும். அந்த மேடை வரை கார் வர வேண்டும் என்று மண்ணும் கல்லும் கொட்டி அணைபோல் ஒரு சாலை போடும்போதுதான் நீர் இரண்டாகப் பிரிகிறது. கடல்பக்கம் நீர் ஏறும். நிலப்பக்கம் தேங்கிப் பாசி கட்டும், அல்லது வறண்டு வெடிக்கும். அடியில் ஒரு குழாய் வைத்தால் போதும் என்று மதிப்பீட்டில் எழுதப்படும். குழாயின் வாய் வழக்கமான ஏற்றமட்டத்துக்கு மேலே அரை மீட்டர் உயர்ந்துவிட்டால்கூட, அந்தச் சதுப்புக்கு நாளுக்கு இருமுறை வர வேண்டிய நீர், மாதத்தில் சில நாட்களே வரும். “அலைநீரின் போக்கு தடைபடக் கூடாது” என்ற வாசகம் கரையோர அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறுகிறது. அதைத் தளத்தில் யார், எந்தத் தேதியில், எந்த அளவுகோலை நட்டுச் சோதிப்பது என்பதற்கு அத்தகைய வாசகத்தில் இடமிருப்பதில்லை.

இதை நான் தூரத்திலிருந்து சொல்லவில்லை. எங்கள் நெரூல் பகுதியில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் சுற்றிவரும் டி.பி.எஸ். ஏரி, பெயரில் ஏரியே தவிர, உண்மையில் கழிநீர் ஏறி இறங்கும் சதுப்பு. ஏறத்தாழ 30 ஏக்கர். தாணே கழியின் சேற்றுவெளியில் பூநாரைகள் வற்றத்தில் இரை எடுக்கும். ஏற்றம் வந்து சேறு மூழ்கியதும் நிற்க இடம் வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் இந்த ஆழமற்ற நீர்ப்பரப்புகள். தாணே கழிப் பூநாரை சரணாலயம் 2015இல் அறிவிக்கப்பட்டது, 2022இல் அப்பகுதி, பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலம் என்ற பொருளில், ராம்சார் தலமாயிற்று. ஆனால் பறவைகள் ஏற்றத்தின்போது வந்து நிற்கும் நெரூல் சதுப்புகள் சரணாலய எல்லைக்கு வெளியே விழுந்தன. சாப்பாட்டு அறைக்குப் பாதுகாப்பு, படுக்கையறைக்கு இல்லை.

இந்த ஏரிக்குப் பக்கத்தில், நவி மும்பையைத் திட்டமிட்டு உருவாக்கிய அரசு நிறுவனமான சிட்கோ ஒரு பயணிகள் படகுத்துறை கட்டியது. துறைக்கான சாலைப் பணி ஏரிக்கு அலைநீர் வரும் வழிகளை அடைத்துவிட்டதாகச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் புகார் எழுப்பினர். 2024 கோடையில் ஏரி பெரும்பகுதி வறண்டதும், பூநாரைகள் சில இறந்து கிடந்ததும் செய்தியாயின. துறையின் பெயர்ப்பலகையில் மோதிப் பறவைகள் விழுந்ததாகப் புகார் வந்து, பலகையே அகற்றப்பட்டது. அந்தக் கோடையில் காலை ஆறரை மணிக்குக் கரையில் நின்றபோது நான் பார்த்தது இது: நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர், அதைச் சுற்றிப் பச்சைப் பாசி தோல்போல் படர்ந்திருந்தது, அதற்கும் வெளியே சேறு ஓடு ஓடாய் வெடித்திருந்தது. நடைக்கு வந்த மாமி ஒருவர், “போன வருஷம் இதே நேரம் ரோஸ் கலரா நின்னுதே” என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் நாய் ஒன்று நடந்துபோனது. துறை நிற்பது ஏரியில் அன்று. வரைபடத்தில் இரண்டும் தொடவே இல்லை. தொட்டது நீர்வழி, அது வரைபடத்தில் இல்லை. 2025இல் ஏரியைப் பாதுகாப்புக் காப்பகமாக்க மாநில அரசு முடிவெடுத்தது நல்ல செய்திதான்.

உள்ளூர் அமைப்புகள் இதில் எங்கே நிற்கின்றன? மும்பை மாநகராட்சியின் 2034 வளர்ச்சித் திட்டத்தில் அலையாத்தியும் சேற்றுவெளியும் “இயற்கைப் பகுதி” என்ற தனி மண்டலமாகக் காட்டப்படுகின்றன. அது வேண்டிய முன்னேற்றம். ஆனால் மாநகராட்சியின் மண்டலம் கரையோடு நிற்கிறது. நீருக்குள் போகும் துறை கடல்சார் வாரியத்துடையது. கரையோர அனுமதிக்கான பரிந்துரை மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துடையது. அலையாத்தி வனத்துறையின் 2012இல் அமைந்த தனிப்பிரிவினுடையது. நவி மும்பையில் இன்னும் ஒரு சுற்று அதிகம்: மாநகராட்சி ஒன்று, நிலத்தின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கும் சிட்கோ இன்னொன்று. நெரூலின் வேறு இரு சதுப்புகளை ஒட்டி கோல்ஃப் மைதானமும் வீடுகளும் அமைக்கும் திட்டத்தை 2018இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது நினைவிருக்கலாம். அங்கே நிலத்தின் சொந்தக்காரரும் திட்டமிடுபவரும் ஒருவராகவே இருந்தனர்.

ஈரநிலங்களுக்கென்று 2017இல் தனி விதிகளே வந்தனவே என்று கேட்கலாம். அவ்விதிகள் சி.ஆர்.இசட். எல்லைக்குள் வரும் ஈரநிலங்களையும் உப்பளங்களையும் விலக்கிவிட்டன. கடற்கரைச் சதுப்பை ஈரநில விதி கரையோர விதியிடம் விட்டுவிட, கரையோர விதி அதை வகை பிரித்து வரைபடத்தில் வைத்துவிட்டு நகர்கிறது. ஏரி கழியோடு ஒரு குழாய் வழியாக மட்டுமே இணைந்திருந்தால், அது எந்த விதியின் பிள்ளை என்பதையே முதலில் வழக்காடித் தீர்க்க வேண்டியிருக்கும்.

உள்ளூர் அமைப்பு தன் கையெழுத்தின் எடையை உணராமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சி மரடு போதும். 2006இல் மரடு ஊராட்சி, மாநிலக் கடலோர ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமலே கட்டட அனுமதிகளைக் கொடுத்தது. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் காயலோரத்தில் தூளாயின. கட்டியவர், வாங்கியவர், அனுமதித்தவர் என்று மூன்று தரப்பில் வீட்டை இழந்து தெருவில் நின்றவர் வாங்கியவர்தான்.

மாவட்ட அளவில் ஆட்சியரின் கீழ் ஒரு குழு இருக்க வேண்டும், அதில் மீனவர் உள்ளிட்ட மரபான கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொல்லியது. எந்த ஏற்றத்தில் நீர் எந்த மடை வழியாகத் திரும்புகிறது என்பதைக் கோலி மீனவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இக்கரையில் இல்லை. அந்த நாற்காலிகள் அலங்காரத்துக்காக இல்லாமல் கேள்வி கேட்பதற்காக இருந்தால், நெரூல் சாலையின் அடிக்குழாய் பற்றிய பேச்சு சாலை போடுமுன்னரே எழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1976இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி அகற்றப்பட்டபோது, தமிழர் பலர் உள்ளிட்ட அம்மக்களை அரசு டிராம்பேயின் சதுப்போரத்தில், இன்றைய சீட்டா கேம்பில் குடியேற்றியது. ஏற்றத்தில் நீர் வீட்டுக்குள் வந்தது. குடியேறியவர்களே மண்ணும் இடிபாடும் சுமந்து தரையை மேடாக்கினர். அன்று சதுப்பு யாருக்கும் வேண்டாத நிலம், ஆகவே யாருக்கும் வேண்டாத மக்களுக்குக் கொடுக்கப்பட்டது. இன்று அதே கழியின் மறுகரையில் சதுப்புப் பார்வை கொண்ட வீடு என்றால் விலை தனி. அலையாத்தி அழிவைப் பற்றிப் பேசும்போது சீட்டா கேம்பையும் ஒரு உல்லாசப் படகுத்துறையையும் ஒரே பட்டியலில் வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அண்ணாச்சி மறு ஞாயிறும் வந்தார். இம்முறை அவர் மனைக்கான 1:4,000 வரைபடத்தைக் கணினியில் தேடி வைத்திருந்தேன். அவருடைய வீடு வரவிருக்கும் இடம் கோட்டுக்கு மேலே, சிக்கல் இல்லை. மேற்கு வேலிக்கு அப்பால் மெல்லிய பச்சைப் பட்டை ஒன்று ஓடியது. அதைச் சுற்றிய 50 மீட்டர் அவர் தோட்டத்தின் பாதியைத் தின்றுவிட்டிருந்தது. துறை கட்ட அவர் கடல்சார் வாரியம், கடலோர ஆணையம், வனத்துறை என்று ஏறி இறங்கி, முடிவில் தம் ஒரு படகு பொதுநலன் என்று உயர் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருக்கும் என்றேன். சற்று நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பச்சைப் பட்டையின் நடுவே இருந்த நூல்போன்ற நீலக் கோட்டின்மேல் விரலை வைத்து, “இது என்ன, ஓடையா? போன மாசம் பக்கத்து மனைக்காரன் ரோடு போடணும்னு இங்கனதான் மண்ணு அடிச்சிட்டிருந்தான்” என்றார். அவர் கைப்பேசியில் அந்த மண்மேட்டின் படம் இருந்தது. தேதியும் இருந்தது. படத்தையும் சர்வே எண்ணையும் இணைத்து மாவட்டக் குழுவுக்கு மராத்தியில் ஒரு மனு எழுதினோம். துறை பற்றிய பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.